சந்தேகத்தின் சாதி: காவல் நிலையம், பதிவேடு, செய்தித்தாள்

1

2022 ஜனவரி 8ஆம் தேதி. சேலம் மாவட்டம் கருப்பூரிலிருந்து ஒரு கணவனையும் மனைவியையும் நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் போலீசார் நகைத் திருட்டு வழக்கொன்றில் விசாரணைக்கென்று பிடித்துப் போனார்கள். கணவர் மாற்றுத் திறனாளி. இருவரும் குறவர் சமூகத்தவர். 11ஆம் தேதி கணவர் நாமக்கல் கிளைச் சிறையிலும் மனைவி சேலம் பெண்கள் சிறையிலும் அடைக்கப்பட்டனர். மறுநாள், 12ஆம் தேதி, சேலம் அரசு மருத்துவமனையில் கணவர் செத்துப்போனார். போலீஸ் அடித்ததுதான் சாவுக்குக் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று போலீசார் இடைநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போயிற்று.

அந்த நாட்களில் அறைக்குள் என்ன நடந்தது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். இக்கட்டுரையின் கேள்வி அதற்கு முந்தியது. சேந்தமங்கலத்தில் நடந்த ஒரு திருட்டுக்கு, இன்னொரு மாவட்டத்தில் இருக்கிற ஒரு குறவர் குடும்பத்தின் வாசலில் போய் ஜீப் நிற்பது யாருக்கும் ஏன் விசித்திரமாகப் படவில்லை? ‘அவங்கள சும்மாவா பிடிச்சிருப்பாங்க, நெருப்பில்லாமப் புகையுமா’ என்ற வாக்கியம் டீக்கடையில் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது? சந்தேகம் விழுவதற்கு முன்பே அது எங்கேயோ தயாராக இருந்திருக்கிறது. எங்கே, யாரால், எந்த மொழியில் தயாரிக்கப்பட்டது என்பதைத்தான் இங்கு பார்க்க வேண்டும்.

சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். தமிழகச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு: ஒன்று ஏற்காடு, மற்றது சேந்தமங்கலம். பழங்குடி மக்களின் பிரதிநிதித்துவத்துக்கு அரசியல் சட்டம் இடம் வைத்திருக்கிற ஊரின் காவல் நிலையம்தான் இது. ஓட்டுப் பட்டியலில் ஒரு நியாயமும் குற்றப் பதிவேட்டில் இன்னொரு நியாயமும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இயங்க முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2

இனவாதம் என்றதும் நமக்கு அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும்தான் நினைவுக்கு வரும். ‘நம்ம ஊர்ல ஏது இனவாதம், இங்க சாதிதானே’ என்று முடித்துவிடுவோம். 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தபோது இந்திய அரசு எடுத்த நிலையும் ஏறக்குறைய இதேதான்: இனம் வேறு, சாதி வேறு, சாதியை இங்கே பேசக் கூடாது. தலித் இயக்கங்கள் அதை எதிர்த்துப் பேசின. தோலின் நிறம்தானா, பிறப்பா என்பதல்ல அவர்களுடைய கேள்வி. பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தின் மீது குணத்தை ஏற்றிவைப்பதும், அந்தக் குணத்தை அரசே நிர்வாக உண்மையாக நடத்துவதும் எந்தப் பெயரில் நடந்தால் என்ன என்பதுதான்.

‘நிறுவனமயமான இனவாதம்’ என்ற கருத்தாக்கத்தை 1967இல் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் கறுப்பின அதிகாரம் பற்றிய தங்கள் நூலில் முன்வைத்தார்கள். அதை ஓர் அரசே ஒப்புக்கொண்டு எழுத இங்கிலாந்தில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1993 ஏப்ரலில் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞனை வெள்ளைக்காரப் பையன்கள் குத்திக் கொன்றார்கள். போலீஸ் அந்தக் கொலையை விசாரித்த லட்சணத்தைப் பற்றி விசாரிக்க மாக்பர்சன் தலைமையில் ஒரு குழு போட வேண்டி வந்தது. 1999இல் வந்த அதன் அறிக்கை, லண்டன் போலீஸ் அமைப்பிலேயே இனவாதம் உறைந்திருக்கிறது என்றது. அதன் சாரம் இது: தனிப்பட்ட போலீஸ்காரனின் மனசில் வெறுப்பு இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பழக்கம், நடைமுறை, யோசிக்காமல் வைத்திருக்கிற எண்ணம் எல்லாம் சேர்ந்து ஒரு மக்கள் பிரிவுக்கு நியாயம் கிடைக்காமல் செய்தால் போதும்.

அதே 1993இல், அதற்கு ஒரு மாதம் முன்பு, கடலூர்ப் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு என்ற குறவர், திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி நடத்திய நெடிய சட்டப் போராட்டத்தில் வழக்கறிஞராக நின்றவர் கே. சந்துரு. போலீசாருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் லண்டனில் ஒரு சாவு அமைப்பைப் பற்றிய சொல்லை உருவாக்கிற்று. இங்கே அந்தச் சாவு ‘கொடூரமான சில போலீஸ்காரர்கள்’ என்ற கணக்கில் முடிந்தது. தண்டிக்கப்பட்டவர்கள் ஆட்கள். அவர்களை அந்த வீட்டு வாசலுக்கு அனுப்பிவைத்தது எதுவோ, அது அப்படியே இருக்கிறது.

3

அனுப்பிவைத்தது என்ன? ஒரு நோட்டுப் புத்தகம் என்று சொன்னால் மிகையாகாது.

குறவர்களில் பல பிரிவினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வியாபாரிகள். கடற்கரையிலிருந்து உப்பையும் உள்நாட்டிலிருந்து தானியத்தையும் பொதி சுமக்கும் மாட்டின் மீதும் கழுதையின் மீதும் ஏற்றி ஊர் ஊராகப் போனவர்கள். அலைந்து திரிவது அவர்களுடைய தொழிலின் நடை. கம்பெனி அரசு 1805இல் சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பிறகு ரயில் வந்தது. பொதிமாட்டின் வேலை போயிற்று. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா வெந்து போனது. 1882 வனச் சட்டத்தால் மூங்கிலும் மேய்ச்சலும் கைவிட்டுப் போயின. கூடை முடையவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போனால் அதுவே குற்றம். பிழைப்பு போனது, ஆனால் நடை நிற்கவில்லை. காரணமில்லாமல் நடந்துகொண்டிருக்கிற கூட்டமாக அவர்கள் அரசின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது இப்போதுதான். வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தன் நூலில் இந்த மாற்றத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

1871இல் வடஇந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை ராஜதானிக்கு வந்தது. அதன் விசேஷம் என்னவென்றால், அது ஒரு செயலைக் குற்றம் என்று சொல்கிற சட்டமல்ல. ஒரு கூட்டத்தைக் குற்றம் என்று சொல்கிற சட்டம். அரசு அறிவித்துவிட்டால் போதும், அந்த அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது. பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி சுடப்பட்டார்கள். பதினாறு பேர் செத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் ரத்தாயிற்று. ரத்து மசோதாவைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் ப. சுப்பராயன் குமாரமங்கலத்துக்காரர், இன்றைய நாமக்கல் மாவட்டம். நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல் ஒழிந்தது. ஆனால் சென்னையில் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்துவிட்டது. கூட்டத்தின் பெயர் எடுக்கப்பட்டது, ஆளின் பெயர் எழுதப்பட்டது. ஆட்களைத் தேடிப் போனவர்கள் எந்தத் தெருவுக்குப் போயிருப்பார்கள்? பழைய நோட்டில் முகவரி இருந்ததே.

ரேகைச் சட்டத்தில் அடைபட்ட எல்லாச் சாதிகளின் மீதும் இந்தச் சந்தேகம் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நிலமும் எண்ணிக்கையும் ஓட்டும் ஒரே வட்டாரத்தில் திரண்டிருந்தவர்கள் அரசியலில் ஏறி அதை உதற முடிந்தது. சிதறிக் கிடந்தவர்களுக்கு, ஊருக்கு நாலு வீடு என்று இருந்தவர்களுக்கு, அது முடியவில்லை. ஆக, குற்றப் பரம்பரை என்பது கடந்தகாலத்திலிருந்து தானாக வழிந்து வருவதல்ல. எதிர்த்து நிற்க ஆள்பலம் இல்லாதவர்களின் மீது தினமும் புதிதாக எழுதப்படுவது.

இன்றைய தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ‘சேலம் உப்புக் குறவர்’ என்று ஒரு பெயர் அதில் இருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கென்று இருக்கிறது. உப்பு விற்றவர்கள் என்பதற்கான அத்தாட்சி அவர்கள் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெயரை முன்னாள் ‘குற்றப் பரம்பரை’ப் பட்டியலில் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. குறவன் என்ற பெயர் பட்டியல் சாதிகளில் ஓரிடத்தில், மலைக்குறவன் பழங்குடியில், வேறு பல குறவர் பிரிவுகள் சீர்மரபினரில். நரிக்குறவர் 2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே மக்கள் அல்லர். சான்றிதழ் வாங்கப் போகும்போது அரசு இவர்களை நுணுக்கமாகப் பிரிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்பதுகூட அந்தச் சான்றிதழைப் பொறுத்தது. ஜீப்பில் ஏற்றும்போது மட்டும் எல்லாரும் ஒரே குறவர்.

4

காவல் நிலைய நடைமுறையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது அவசியம். ‘கேடி’ என்ற சொல்லை நாம் தமிழ்ச் சொல் மாதிரியே புழங்குகிறோம். ‘சரியான கேடிப்பய’ என்று குழந்தையைக்கூடக் கொஞ்சுகிறோம். அது போலீஸ் சுருக்கெழுத்து: கே.டி., நோன் டெப்ரடேட்டர். ‘தெரிந்த கொள்ளைக்காரன்’ என்று அர்த்தம். இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை கொள்ளைக்காரன் அல்ல, ‘தெரிந்த’ என்பதுதான். நிரூபிக்கப்பட்ட அல்ல, தண்டிக்கப்பட்ட அல்ல, தெரிந்த. யாருக்குத் தெரிந்த? நோட்டுக்குத் தெரிந்த.

ஒரு ஊரில் வீடு உடைத்து நகை போகிறது. நகைக்காரர் ஊரில் செல்வாக்கானவர் என்றால் மேலிருந்து நெருக்கடி. ஸ்டேஷனில் ஏற்கனவே துப்புத் துலங்காத வழக்குகள் நாலைந்து கிடக்கின்றன. துப்பறிய ஆளும் நேரமும் ஆய்வக வசதியும் குறைவு. அதைவிட ஆட்களைக் கொண்டுவருவது சுலபம். சந்தேகம் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்தால் கேள்வி கேட்பார்கள், வக்கீல் வருவார், கட்சிக்காரர் வருவார். குறவரைக் கொண்டுவந்தால் யார் வருவார்? இந்தக் கணக்கில் வெறுப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. செலவு குறைந்த வழி என்பது மட்டுமே போதும்.

அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. போலீஸ் அடிக்கும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்ததால் வந்த பிரிவு அது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு சந்தைத் திறந்துவைத்தது: அந்த வாக்குமூலத்தால் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் இந்தச் சந்து அடைபடவில்லை. எனவே, நகை ‘மீட்கப்பட’ வேண்டும். ஆள் காட்டிக்கொடுத்தான் என்று எழுத வேண்டும். சொன்னால்தானே காட்டிக்கொடுக்க முடியும். சொல்ல வைக்க வேண்டும். லாக்கப்பின் வன்முறை யாரோ ஒருத்தரின் வக்கிரத்தில் மட்டும் பிறப்பதில்லை. அதற்குச் சட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது.

இந்த வேலைக்கு நாட்கள் தேவை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சமாளிக்கிற தந்திரம் எளிது: கைதே செய்வதில்லை. ‘விசாரணைக்கு அழைத்துவந்தோம்.’ கைது எப்போது எழுதப்படுகிறதோ அப்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்கு முந்திய நாட்கள் கணக்கில் வராதவை. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் விதிகள் வகுத்தது 1996 டிசம்பரில். ஸ்டேஷன்தோறும் கண்காணிப்புக் காமிரா வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது 2020 டிசம்பரில். சேந்தமங்கலம் விவகாரம் இவை இரண்டுக்கும் பிந்தியது. 8ஆம் தேதிக்கும் 11ஆம் தேதிக்கும் இடையில் இருக்கிற நாட்களைப் பற்றித்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

5

இனி செய்தித்தாளுக்கு வருவோம். போலீஸ் ஒன்றைச் செய்கிறது, பத்திரிகை பிறகு அதைச் சொல்கிறது என்று நாம் நினைக்கிறோம். வரிசை அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வருகிற குற்றச் செய்திதான் அடுத்த கைதுக்கான சம்மதத்தை முன்கூட்டியே வாங்கித் தருகிறது.

குற்றச் செய்திக்கென்று தமிழில் ஒரு தனி நடை உருவாகியிருக்கிறது. ‘பிரபல கொள்ளையன்’, ‘பலே ஆசாமி’, ‘கைவரிசை’, ‘சிக்கினான்’. வயது ஐம்பதானாலும் ‘ன்’ விகுதிதான். நகையைப் பறிகொடுத்தவர் ‘அவர்’, பிடிபட்டவன் ‘அவன்’. குற்றம் நிரூபணமாகும் முன்பே தீர்ப்பு விகுதியில் வந்துவிடுகிறது. பிறகு இந்த வாக்கியம்: ‘போலீசார் தங்கள் பாணியில் விசாரித்ததில் உண்மையை ஒப்புக்கொண்டான்.’ ‘தங்கள் பாணி’ என்றால் என்ன என்று எழுதியவருக்கும் தெரியும், அச்சுக்கோர்த்தவருக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். அடித்தார்கள் என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. ‘பாணி’ என்று எழுதினால் அது ரசனை. ‘கவனித்தார்கள்’, ‘முட்டிக்கு முட்டி தட்டினார்கள்’, ‘மாவுக்கட்டு’. சித்திரவதைக்கு இத்தனை செல்லப் பெயர்கள் வைத்திருக்கிற மொழியில் ஒரு லாக்கப் சாவு நடந்தால் அதிர்ச்சி எங்கிருந்து வரும்? கை கால் உடைந்தவர் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்பதை இன்று யாரும் நம்புவதில்லை. நம்பாமல் சிரிக்கிறோம். சிரிப்பு நம்பிக்கையைவிட மோசமானது. அதில் உடந்தை இருக்கிறது.

செத்துப்போனால் நடை மாறிவிடும். செயப்பாட்டு வினை வந்து உட்காரும். ‘அழைத்துச் செல்லப்பட்டார்’, ‘உடல்நலக் குறைவு ஏற்பட்டது’, ‘மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்’, ‘சிகிச்சை பலனின்றி இறந்தார்’. திடீரென்று ‘ன்’ போய் ‘ர்’ வரும். உயிரோடிருந்தபோது கிடைக்காத மரியாதை விகுதி பிணத்துக்குக் கிடைக்கிறது. செய்தவர் மட்டும் வாக்கியத்தில் எங்கும் இல்லை. இது தமிழ்ப் பத்திரிகையின் தனிச் சொத்தும் அல்ல. 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கழுத்தில் முழங்கால் வைத்து அழுத்திக் கொல்லப்பட்ட இரவு அந்நகரப் போலீஸ் வெளியிட்ட அறிக்கையின்படி, அது கைது நடவடிக்கையின்போது ஓர் ஆளுக்கு ஏற்பட்ட மருத்துவப் பிரச்சினை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி செல்போனில் படம் பிடித்து வைக்காவிட்டால் அதுவே வரலாறு.

ஏன் பத்திரிகை போலீசின் வாக்கியத்தையே அச்சிடுகிறது? நிருபர்களின் கெட்ட எண்ணம் என்று சொல்வது சோம்பேறித்தனமான பதில். ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய சகாக்களும் 1978இல் பிரிட்டனில் வழிப்பறி பற்றிய பீதி எப்படி உருவாக்கப்பட்டது என்று ஆராய்ந்தபோது இதற்கு விளக்கம் தந்தார்கள். பத்திரிகைக்குத் தினமும், நேரத்துக்கு, நம்பகமான செய்தி வேண்டும். அதைத் தவறாமல் தரக்கூடியவை போலீஸ், நீதிமன்றம், அமைச்சகம் போன்ற நிறுவனங்கள்தாம். எனவே ஒரு சம்பவம் ‘எதைப் பற்றியது’ என்று முதலில் வரையறுக்கும் உரிமை அவர்களிடம் போய்விடுகிறது. பிறகு யார் பேசினாலும் அந்த வரையறைக்குள் நின்றுதான் மறுக்க வேண்டும். நம்மூருக்கு இது அப்படியே பொருந்தும். தாலுகா நிருபருக்கு நிலையான சம்பளம் கிடையாது. ஸ்டேஷனைப் பகைத்தால் நாளைக்குச் செய்தி கிடையாது. மேசை மீது நகைகளை விரித்துவைத்து, பின்னால் பிடிபட்டவர்களை நிறுத்தி எடுத்த போட்டோ இலவசமாக வந்துவிடுகிறது. மூன்று வருடம் கழித்து அவர்கள் விடுதலையானால் அதற்குப் போட்டோ கிடையாது, பத்திரிகையாளர் சந்திப்பு கிடையாது. வாசகரின் ஞாபகத்தில் கைது இருக்கிறது, விடுதலை இல்லை. பொதுப்புத்தி என்று நாம் சொல்கிறோமே, அது இப்படி ஓரப் பார்வையில் படித்து மறந்த நூறு சின்னச் செய்திகளால் ஆனது.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதிப் பக்கம் சேஷாசலக் காட்டில் ஆந்திர சிறப்புக் காவல் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மலைகளிலிருந்து போனவர்கள். கொல்லிமலையில் வாழ்கிற அதே மலையாளிப் பழங்குடியினர் அவர்களில் பலர். முதல் செய்தியில் அவர்கள் ‘செம்மரக் கடத்தல்காரர்கள்’. பின்னால் வந்த செய்திகளில் ‘கூலித் தொழிலாளர்கள்’. கடத்தல்காரன் என்றால் மரத்தை விற்றுப் பணம் பார்ப்பவன். வெட்டக் கூலிக்குப் போனவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த பிறகு துப்பாக்கிக்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை.

6

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தபோது தமிழகமே கொதித்தது. வணிகர்கள் கடையடைத்தார்கள். நடிகர்கள் பேசினார்கள். கொதித்தது நியாயம். அந்தக் கொதிப்பின் இலக்கணத்தை மட்டும் கவனியுங்கள்: ‘ஒரு தப்பும் செய்யாதவர்கள்’, ‘கடையை மூடக் கொஞ்சம் நேரமானதற்காகவா?’ குற்றமற்றவர்கள் என்பதுதான் கோபத்தின் அடிப்படை. அப்படியென்றால் குற்றம் செய்தவர் என்றால்? செய்திருக்கலாம் என்ற பெயர் உள்ளவர் என்றால்? ஒன்றரை வருடம் கழித்துச் சேந்தமங்கலத்தில் அதே மாதிரி ஒரு சாவு. குறவர் அமைப்புகளும் மனித உரிமை இயக்கங்களும் கத்தின. கடை எதுவும் அடைக்கப்படவில்லை. சில நாட்களில் செய்தி தீர்ந்துபோயிற்று.

2025 ஜூனில் திருப்புவனத்தில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் நகைக் காணாமற்போன புகாரில் தனிப்படையால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு சி.பி.ஐ.வரை போனதற்கு ஒரு செல்போன் வீடியோவுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆக, லாக்கப் சாவு செய்தியாக நீடிக்க இரண்டில் ஒன்று வேண்டியிருக்கிறது: செத்தவர் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவராக இருக்க வேண்டும், அல்லது காமிரா இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவரின் சாவு என்னவாகும் என்பதுதான் ‘அமைப்பு’ என்ற சொல்லின் அர்த்தம். சித்திரவதைக்கு எதிரான வாதம் ‘அவர் நல்லவர்’ என்பதில் நிற்கக் கூடாது. திருடியே இருந்தாலும் அடிக்க உரிமையில்லை என்று சொல்ல நமக்கு ஏன் நாக்கு எழவில்லை?

7

2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ படம் வந்தது. ராஜாக்கண்ணு வழக்கை அடிப்படையாகக் கொண்ட படம். ஊரே அழுதது. படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பம். நிஜத்தில் குறவர் குடும்பம். இருளர்களும் போலீசால் வதைபட்டவர்கள்தான், அவர்கள் கதையும் சொல்லப்பட வேண்டியதுதான். இயக்குநரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விளைவைப் பேசாமலிருக்க முடியாது. குறவரின் சாவு நம் கண்ணீருக்கு வந்து சேர இன்னொரு பெயரில் வர வேண்டியிருந்தது. அடுத்து இரண்டே மாதத்தில் சேந்தமங்கலம். திரையில் பார்த்ததையும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் கிடந்ததையும் எத்தனை பேர் சேர்த்துப் பார்த்தார்கள்?

குறவர் என்ற பெயரைத் தமிழ்ப் பண்பாடு வைத்திருக்கிற விதமே இந்தப் பிளவுக்குச் சாட்சி. குறிஞ்சித் திணையின் மக்கள் குறவர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். முருகனுக்கு வாழ்க்கைப்பட்ட வள்ளி குறமகள். குறவஞ்சி என்று ஒரு இலக்கிய வகையே உண்டு. மறுபக்கம் திருவிழா மேடையில் ஆபாசத்துக்கு அந்தப் பெயரையே வைத்து ‘குறவன் குறத்தி ஆட்டம்’. குறவர் அமைப்புகள் போராடி, நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து அரசு அதை நீக்கியது 2023இல்தான். கோயிலில் ஒன்று, மேடையில் ஒன்று, ஸ்டேஷன் நோட்டில் ஒன்று. இந்த மூன்று பிம்பங்களுக்கும் வெளியே பன்றி வளர்த்து, கூடை முடைந்து, கூலிக்குப் போய், பிள்ளையைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிற ஆட்கள் எதிலும் வருவதில்லை.

8

எழுதுகிறவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் இதில் செய்யத் தக்கது இருக்கிறது.

வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலையடிக் கிராமத்தைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அரசு மறுத்தது. அது சந்தனக் கடத்தல் ஊர் என்ற கதையாடல் தயாராக இருந்தது. அதை உடைத்தது தினசரிகளின் துணிச்சல் அல்ல. பழங்குடி மக்கள் சங்கத்தார் ஊருக்குள் போய் உட்கார்ந்து பெண்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோக, மீதி 215 பேருக்கும் 2011இல் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முதல் வரையறை போலீசிடமிருந்து பிடுங்கப்பட்டதால்தான் இது நடந்தது.

எனவே, முதலாவது, கணக்கில் வராத நாட்களை எழுதுங்கள். எப்போது வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள், எப்போது கைது எழுதப்பட்டது, எப்போது நீதிபதி பார்த்தார், மருத்துவர் என்ன எழுதினார். கருத்து எதுவும் வேண்டாம், இந்த நாலு நேரங்களைத் தேதிவாரியாகப் போட்டாலே போதும். எந்தத் தலையங்கத்தையும்விட அது அதிகம் பேசும். இரண்டாவது, விடுதலையான வழக்குகளைத் தேடுங்கள். நம் தாலுகா நீதிமன்றங்களில் பத்து வருடத்தில் குறவர்கள் மீது போட்ட திருட்டு வழக்குகள் என்ன ஆயின என்று ஒரு வக்கீலும் ஒரு எழுத்தாளரும் உட்கார்ந்தால் தொகுத்துவிடலாம். மூன்றாவது, நம் சொந்த வாக்கியத்தைப் பாருங்கள். முற்போக்குப் பத்திரிகைகளிலும் ‘கேடி’ வருகிறது. நம் சிறுகதைகளிலும் களவாணிக்குக் குறவன் என்று பெயர் வைத்திருக்கிறோம். கடைசியாக, இதையெல்லாம் அவர்களுக்காக நாம் எழுதிக்கொண்டேயிருப்பதும் ஒரு கட்டத்துக்கு மேல் ஆபாசம். குறவர் இளைஞர்கள் படித்து வருகிறார்கள், சங்கம் வைத்திருக்கிறார்கள், அறிக்கை போடுகிறார்கள். அவற்றை அப்படியே, திருத்தாமல், நம் பக்கங்களில் போட வேண்டும்.

கருப்பூரில் அந்த வீட்டைப் பற்றிய சந்தேகம் 2022 ஜனவரி 8ஆம் தேதி காலையில் பிறக்கவில்லை. அடுத்த திருட்டு எந்த ஊரிலோ நடக்கப்போகிறது. அப்போது எந்தத் தெருவுக்கு ஜீப் போகும் என்று உங்களுக்கும் எனக்கும் இப்போதே தெரிகிறது என்றால், அந்த நோட்டில் ஒரு பக்கம் நம்மிடமும் இருக்கிறது.